செயற்குறிகளைச் சுற்றியிருந்த இடைவெளிகளை நீக்கியதும் விடை மாறிவிட்டது: சி கம்பைலர் இடைவெளியை எப்போது பார்க்கிறது, எப்போது விடுகிறது?

வைகைக்கரை:

எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சி நிரல் தொகுப்பு ஒன்று உண்டு. அண்மையில் அதைப் பொறுப்பேற்ற குழு, எல்லாக் கோப்புகளையும் ஒரே பாணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி ஒரு ஸ்கிரிப்டை ஓட்டியது. + - * / = போன்ற செயற்குறிகளின் இரு பக்கமும் உள்ள இடைவெளியை அது நீக்கும்; வேறெதுவும் செய்யாது என்றுதான் சொன்னார்கள். "சி மொழிக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை" என்பது அவர்கள் வாதம். மாற்றத்தைச் சரிபார்த்தவர்கள் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் இடைவெளி வேறுபாடுகளை மறைக்கும் விருப்பத்தைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒப்புதல் கிடைத்துவிட்டது.

இப்போது சில கோப்புகள் கம்பைல் ஆகவில்லை. அவற்றைத் தேடிப்பிடித்துத் திருத்திவிடலாம். என் கவலையெல்லாம் சத்தமில்லாமல் கம்பைல் ஆன கோப்புகளைப் பற்றித்தான். ஒன்றைக் காட்டுகிறேன். மாறிகளின் பெயர்களை இங்கே தமிழில் மாற்றி எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை என்பது ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரியைக் கொண்ட மாறி; முன்னால் * இட்டால் அந்த முகவரியில் உள்ள மதிப்பு கிடைக்கும்.

முன்பு இருந்தது:

சராசரி = மொத்தம் / *எண்ணிக்கை;
மீதி = மொத்தம் % 7 /* வார நாள் */;

இப்போது இருப்பது:

சராசரி=மொத்தம்/*எண்ணிக்கை;
மீதி=மொத்தம்%7/* வார நாள் */;

சராசரிக்கு மொத்தமே விடையாக வருகிறது. மீதியில் பழைய மதிப்பு அப்படியே நிற்கிறது. கம்பைலர் வாய் திறக்கவில்லை. இது ஏன் என்பதைக் குழுவுக்குப் புரியும்படி விளக்க வேண்டும். இதுபோல் வேறு எங்கெல்லாம் தேட வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

அடைப்புக்குறி:

நண்பரே, வகுத்தல் குறியும் பாயின்டரின் நட்சத்திரமும் ஒட்டியதும் அது /* ஆகிவிட்டது. அங்கே கமென்ட் தொடங்குகிறது. அடுத்த */ எங்கே வருகிறதோ அதுவரை எல்லாம் கமென்டுக்குள் போய்விடும். உங்கள் இரண்டாவது வரியின் கமென்ட் முடிவில்தான் அந்த */ இருக்கிறது. கம்பைலருக்கு மிஞ்சுவது இவ்வளவே:

சராசரி=மொத்தம் ;

இலக்கணப்படி இதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வரியில் அரைப்புள்ளி கமென்டுக்கு வெளியே இருந்ததால் வாக்கியம் அழகாக முடிந்துவிட்டது. அந்தக் கமென்ட் அரைப்புள்ளிக்குப் பிறகு எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தோடு மோதி ஒரு பிழைச் செய்தியாவது வந்திருக்கும்.

உங்கள் பில்டில், பொதுவான எச்சரிக்கைகளை இயக்கும் -டபிள்யூஆல் விருப்பம் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால், கமென்டுக்குள் இன்னொரு /* இருப்பதை ஜிசிசி கம்பைலர் எச்சரித்திருக்கும். ஸ்கிரிப்டைப் பற்றிப் பேசும் முன் அதை இன்றே சேர்த்துவிடுங்கள்.

தறிநிரல்:

"சிக்கு இடைவெளி பொருட்டில்லை" என்ற வாக்கியத்தைக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுத்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பாதி உண்மை அது. சி தரநிலை, ஒரு கோப்பை நிரலாக மாற்றும் வேலையை எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. டோக்கன்களுக்கு (பெயர், எண், செயற்குறி போன்ற தனித் துண்டுகளுக்கு) இடையிலுள்ள இடைவெளிக்கு இனி பொருளில்லை என்று தரநிலை சொல்வது ஏழாவது கட்டத்தில். இலக்கண ஆய்வு நடப்பதும் அங்கேதான். அதற்கு முந்தைய கட்டங்களில் இடைவெளிக்கு உண்மையான வேலை இருக்கிறது.

இரண்டாம் கட்டத்தில், வரியின் கடைசி எழுத்தாகப் பேக்ஸ்லாஷ் இருந்தால் அடுத்த வரி அதனோடு ஒட்டப்படுகிறது. மூன்றாம் கட்டத்தில் எழுத்துகள் டோக்கன்களாக வெட்டப்படுகின்றன, ஒவ்வொரு கமென்டும் ஒரு ஸ்பேஸாக மாறுகிறது. நான்காம் கட்டத்தில் மேக்ரோக்கள் (ஒரு பெயருக்குப் பதில் வேறு டோக்கன்களை இடும் வரையறைகள்) விரிகின்றன. உங்கள் ஸ்கிரிப்ட் கைவைத்தது மூன்றாம் கட்டத்தில்.

அங்கே நடக்கும் வெட்டலுக்கு ஒரே விதி: இடமிருந்து வலமாகப் போ, அடுத்த டோக்கனாக அமையக்கூடிய மிக நீளமான தொடரை எடுத்துக்கொள். பின்னால் என்ன வருகிறது, எடுத்தது வாக்கியத்தில் பொருந்துமா என்று அது பார்க்காது. பார்ப்பதில்லை என்பதால்தான் அது வேகமாகவும் ஐயமின்றியும் இயங்குகிறது. அந்த எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் எழுதுபவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் தொகுப்பில் உடனே தேட வேண்டியது இதை:

அ + ++ஆ

ஒட்டியபின் அ+++ஆ. நீளமானதை முதலில் எடுப்பதால் இது அ++ + ஆ ஆகிறது. ++ என்பது ஒரு மாறியில் ஒன்றைக் கூட்டும் குறி. முன்பு ஆ கூடியது. இப்போது அ கூடுகிறது. இரண்டும் சரியான சி. ஒரு பிழைச் செய்தியும் வராது. கமென்ட் விவகாரத்தைவிட இதைத்தான் நான் அஞ்சுவேன். கோடி வரிகளில் ஒன்றில் இருந்தாலும் கண்ணில் படாது.

அ++ + ++ஆ என்று இருந்தது ஒட்டினால் அ+++++ஆ ஆகும். அது அ++ ++ + ஆ என்று வெட்டப்பட்டு, அ++ இன் விடையை மீண்டும் கூட்ட முடியாது என்று பிழையில் நிற்கும். அ++ + ++ஆ என்று சரியாக வெட்ட ஒரு வழி இருந்தும் கம்பைலர் பின்னால் திரும்பி முயலாது. தரநிலையே இதை எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறது.

வைகைக்கரை:

மிக்க நன்றி ஐயா. அ+++ஆ வடிவில் இரண்டு இடங்கள் கிடைத்தன, இரண்டும் பழைய வரிசைப்படுத்தும் பகுதியில். கம்பைல் ஆகாதவற்றில் ஒன்று எனக்குப் புரியவில்லை. 0எக்ஸ்1எஃப் + 2 என்று இருந்தது ஒட்டியபின் எந்தத் தொல்லையும் தரவில்லை. 0எக்ஸ்1ஈ + 2 என்று இருந்தது மட்டும், +2 என்பது தவறான பின்னொட்டு என்று சொல்கிறது. ஓர் எழுத்துதான் வேறுபாடு.

தறிநிரல்:

அந்த எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் எண்களை அடையாளம் காணும் முறை வேண்டுமென்றே தளர்வாக வைக்கப்பட்டிருக்கிறது. இலக்கத்தில் தொடங்கும் தொடரில் எழுத்து, இலக்கம், புள்ளி எது வந்தாலும் எண்ணின் பகுதிதான். ஈ என்ற எழுத்துக்கு அடுத்து + அல்லது - வந்தால் அதுவும் உள்ளே போகும். 1ஈ+2 என்று அடுக்குக்குறி எண் எழுதுகிறோம் அல்லவா, அதற்காக வைத்த இடம். பதினாறடிமான எண்ணா, மிதவை எண்ணா என்று அந்தக் கட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே 0எக்ஸ்1ஈ+2 முழுவதும் ஒரே துண்டு. ஏழாம் கட்டத்தில் அதை எண்ணாக மாற்றப் பார்க்கும்போது எந்த எண்ணுக்கும் பொருந்தாமல் பிழை வருகிறது. எஃப் என்ற எழுத்துக்கு இந்தச் சலுகை இல்லாததால் அது தப்பியது.

இதே காரணத்தால்தான், சுவிட்சில் கேஸ் 1 ... 5 என்று வீச்சு எழுதும் ஜிசிசி நீட்டிப்புக்கு, மூன்று புள்ளிகளின் இரு பக்கமும் இடைவெளி விடும்படி அதன் கையேடு அறிவுறுத்துகிறது. 1...5 என்று ஒட்டினால் புள்ளிகளும் எண்ணோடு சேர்ந்துவிடும்.

பழையகரை:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் ஸ்கிரிப்ட் அ = -1 என்பதை அ=-1 என்று ஆக்கியிருக்கும், அதில் தவறேதும் வந்திருக்காது. 1970-களின் தொடக்கத்தில் இருந்த சியில் அதுவும் உடைந்திருக்கும். சிக்கு முன்னோடியான பி மொழியிலும் தொடக்ககாலச் சியிலும் இன்றைய -= என்பதை =- என்றுதான் எழுதினார்கள். அ=-1 என்றால் அஇலிருந்து ஒன்றைக் கழி என்று பொருள். ஒரு மாறிக்கு எதிர்ம எண்ணைத் தர விரும்புபவர் இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

சியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி 1993-இல் எழுதிய சி மொழி வரலாற்றில் இதைப் பிழை என்றே சொல்கிறார். பி மொழியின் எழுத்து ஆய்வியில் அந்த வடிவத்தைக் கையாள்வது எளிதாக இருந்ததே அதற்குக் காரணம் என்றும், 1976-இல் திருத்தப்பட்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார். மொழியை உருவாக்கியவர்களே இடைவெளியால் அடிபட்டு ஒரு செயற்குறியைத் திருப்பிப் போட்டார்கள் என்றால், "பொருட்டில்லை" என்று எப்படிச் சொல்வது?

கடற்காகம்:

மேக்ரோக்களை யாரும் தொடவில்லையே. அங்கேயும் ஸ்கிரிப்ட் நுழைந்ததா? அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த இடைவெளியையும் நீக்கியதா?

வைகைக்கரை:

ஆம், நீக்கியது. ஒரு தலைப்புக் கோப்பில் இப்படி இருந்தது:

#டிஃபைன் எல்லை (அளவு-1)

இடைவெளி போனதும் மேக்ரோ அறிவிப்பிலேயே பிழை காட்டுகிறது.

கடற்காகம்:

பிழை காட்டியது நல்லது. மேக்ரோவை வரையறுக்கும் இடத்தில், பெயரை ஒட்டியே ( வந்தால் அது அளபுருக்கள் கொண்ட மேக்ரோ. ஓர் இடைவெளி இருந்தாலும் அது வெறும் மாற்றுப் பெயர், அடைப்புக்குறி முதல் எல்லாம் அதன் உடல். சியில் ஒரே ஓர் இடைவெளி இலக்கணத்தையே மாற்றும் இடம் இது. உங்கள் எடுத்துக்காட்டில் அளவு-1 அளபுருவாக இருக்க முடியாது என்பதால் பிடிபட்டது. வெறும் (அளவு) என்று இருந்திருந்தால், உடல் இல்லாத, அளபுரு கொண்ட மேக்ரோவாக அமைதியாக ஏற்கப்பட்டிருக்கும். பிறகு எல்லை என்று அடைப்புக்குறி இன்றிப் பயன்படுத்திய இடமெல்லாம் விரியாமல் நின்று, அப்படியொரு பெயரே அறிவிக்கப்படவில்லை என்ற செய்தி வேறெங்கோ வந்திருக்கும்.

மேக்ரோவை அழைக்கும் இடத்தில் இந்த விதி இல்லை. பெயருக்கும் ( குறிக்கும் நடுவே ஸ்பேஸ் இருக்கலாம், வரி முறிவே இருக்கலாம்.

இன்னொன்று. ஒரே மேக்ரோ இரண்டு தலைப்புக் கோப்புகளில் வரையறுக்கப்பட்டு, ஒன்று மட்டும் ஸ்கிரிப்டில் அடிபட்டிருந்தால் மறுவரையறை எச்சரிக்கை வரும். (1 - 1) என்பதும் (1-1) என்பதும் தரநிலையின் கண்ணில் வெவ்வேறு உடல்கள். எத்தனை ஸ்பேஸ் என்பது கணக்கில்லை. இருக்கிறதா இல்லையா என்பது கணக்கு.

மின்மினி:

நான் மாணவி. ஓர் ஐயம். எதிர் என்ற மேக்ரோவின் உடல் -1 என்று வைத்துக்கொள்வோம். 5-எதிர் என்று எழுதினால் அது 5--1 என்று விரிந்து உடைந்து போகாதா? ஒட்டி எழுதியும் சரியாகவே ஓடுகிறது.

தறிநிரல்:

மிகச் சரியான கேள்வி, அம்மா. மேக்ரோ என்றால் எழுத்துக்கு எழுத்து ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள், நூல்களும் அப்படியே எழுதுகின்றன. டோக்கன் வெட்டல் மூன்றாம் கட்டத்தில் முடிந்துவிட்டது. நான்காம் கட்டத்தில் மாறுவது டோக்கன்கள்தான். 5, கழித்தல், எதிர் என்ற மூன்றில், எதிர் போய் அங்கே கழித்தலும் 1-உம் வந்து உட்காரும். அருகருகே இரண்டு கழித்தல்கள் நின்றாலும் அவை மீண்டும் சேர்த்து வெட்டப்படுவதில்லை. சேர்க்க வேண்டுமென்றால் ## என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

பிரீபிராசசர் (மேக்ரோ விரிவு வரையிலான கட்டங்களைச் செய்யும் பகுதி) வெளியீட்டை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். ஜிசிசி அங்கே 5- -1 என்று ஒரு ஸ்பேஸைத் தானாகவே சேர்த்திருக்கும். அந்த வெளியீட்டை யாராவது மீண்டும் கம்பைல் செய்தால் பொருள் மாறக்கூடாது என்பதற்காக. நீங்கள் எழுதாத இடைவெளி, கம்பைலர் அக்கறையோடு எழுதியது.

பழைய, தரநிலைக்கு முந்தைய கம்பைலர்கள் பலவற்றில் நிலைமை வேறு. கமென்ட் இருந்த இடத்தில் அவை ஒன்றும் வைக்காமல் விட்டன. இரண்டு பெயர்களின் நடுவே வெற்றுக் கமென்ட் எழுதி அவற்றை ஒட்டுவது அந்நாளைய உத்தி. 1989-இல் வந்த தரநிலை, கமென்ட் ஒரு ஸ்பேஸ் என்று தீர்மானித்து, ஒட்டுவதற்கு ## என்ற தனிக் குறியைத் தந்தது.

அடைப்புக்குறி:

நீக்குவதைப் பற்றியே பேசுகிறோம். சேர்ப்பதும் இதே அளவு ஆபத்துதான். பல வரி மேக்ரோவில் பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், தரநிலைப்படி அங்கே வரி ஒட்டாது. ஜிசிசி எச்சரித்துவிட்டு ஒட்டிவிடும். அதை நம்பி எழுதிய நிரலை, ஒட்டாத வேறொரு கம்பைலருக்குக் கொண்டுபோனால் மேக்ரோ பாதியில் அறுந்து நிற்கும். சி++ 2023 தரநிலை, வரி முடிவு இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் ஒட்டும்படி விதியை மாற்றியது. சியில் பழைய விதியே.

இதன் மறுபக்கமும் உண்டு. // கமென்டின் கடைசி எழுத்து பேக்ஸ்லாஷாக இருந்தால் அடுத்த வரியும் கமென்ட். விண்டோஸ் கோப்புறைப் பாதையைக் கமென்டில் எழுதி முடிப்பவர்கள் இதில் மாட்டுகிறார்கள். அடுத்த வரியில் ஒரு தொடக்க மதிப்பு இருந்தால் அது காணாமல் போகும். வரி ஒட்டுவது இரண்டாம் கட்டம், கமென்ட் நீக்குவது மூன்றாம் கட்டம். வரிசை அப்படி.

மின்மினி:

உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் செயலின் வடிவச் சரத்தில், எண்ணைப் படிக்கும் %டி-க்குப் பிறகு வரி முறிவு எழுதினால், எண்ணைக் கொடுத்தும் காத்துக்கொண்டே இருக்கிறதே, அதுவும் இந்தக் கட்டங்களால்தானா?

கடற்காகம்:

இல்லை, அது நிரல் ஓடும்போது நடப்பது. வடிவச் சரத்தில் எந்த வெற்றெழுத்து வந்தாலும், உள்ளீட்டில் உள்ள வெற்றெழுத்துகள் எல்லாவற்றையும் விழுங்கு என்று பொருள். வெற்றெழுத்து அல்லாத ஒன்று வரும்வரை அதற்கு முடிவு தெரியாது, அதனால் காத்திருக்கிறது. அந்த வரி முறிவை நீக்கிவிடுங்கள். ஓர் எழுத்தைப் படிக்கும் %சி-க்கு முன்னால் மட்டும் ஒரு ஸ்பேஸ் வையுங்கள். அது வெற்றெழுத்தைத் தானாகத் தாண்டாது.

பழையகரை:

இவ்வளவும் வரிக்குள் இருக்கும் இடைவெளி. வரியின் தொடக்கத்தில் இருக்கும் இடைவெளி இன்னும் பெரிய விலை கேட்டிருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டுத் திருத்திய பாதுகாப்புப் பிழையை நினைத்துப் பாருங்கள். ஓர் இஃப் கீழே, நெளிவு அடைப்புக்குறி இல்லாமல், ‘கோட்டு ஃபெயில்’ (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை வந்திருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால் இரண்டும் இஃபுக்கு உட்பட்டவை போல் தெரிந்தன. கம்பைலருக்கு முதல் வரி மட்டுமே இஃபுக்கு உட்பட்டது. இரண்டாவது எப்போதும் ஓடியது. பிழை மாறியில் சுழியம் (பிழையில்லை என்று பொருள்) இருக்கும் நிலையில் அது வெளியே தாவியதால், சர்வரின் கையொப்பம் கடைசி வரை சோதிக்கப்படாமலே சரி என்று ஏற்கப்பட்டது.

2016-இல் வந்த ஜிசிசி 6, தவறாக வழிகாட்டும் உள்தள்ளலை எச்சரிக்கத் தொடங்கியது. -டபிள்யூஆலிலேயே அது அடங்கும். இலக்கணத்துக்குத் தேவையில்லாத இடைவெளியையும் கம்பைலர் ஒவ்வொரு டோக்கனின் நெடுவரிசை எண்ணாக நினைவில் வைத்திருக்கிறது. எழுதியவர் என்ன நினைத்தார் என்பதற்குச் சான்றாக அதை இப்போது பயன்படுத்துகிறது. டேபையும் ஸ்பேஸையும் கலந்து எழுதினால் அந்தச் சான்று கெடும். டேப் எட்டு நெடுவரிசை என்பது ஜிசிசியின் இயல்பான கணக்கு.

வைகைக்கரை:

குழுவோடு பேசினேன். ஸ்கிரிப்டின் மாற்றத்தை முழுவதும் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சீரமைப்பு வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கிறார்கள்.

தறிநிரல்:

முதலில் மதிப்பாய்வு. கிட்டில் -டபிள்யூ விருப்பம், ஒரு பக்கம் இடைவெளி இருந்து மறுபக்கம் முற்றிலும் இல்லாவிட்டாலும் அதை மறைத்துவிடும். உங்களைக் கவிழ்த்தது அதுதான். -பி விருப்பம் இடைவெளியின் அளவு மாறுவதையும் வரி முடிவில் உள்ள இடைவெளியையும் மட்டுமே மறைக்கும். வரிக்குள் இருந்தது இல்லாமல் போனால் காட்டும். சி நிரலுக்கு அதுதான் ஏற்றது.

அடுத்து, கண்ணை நம்பாதீர்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பிழைநீக்கத் தகவல் இல்லாமல் கம்பைல் செய்து, ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைலர் தரும் இயந்திர மொழிக் கோப்புகளை) பைட்டுக்கு பைட் ஒப்பிடுங்கள். வரி எண்கள் நகராத சீரமைப்பு என்றால் அவை ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கை எதிர்பாருங்கள்: அசெர்ட் (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் மேக்ரோ) தன் நிபந்தனையைச் சரமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அப்படிச் சரமாக்கும்போது டோக்கன்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, எவ்வளவு நீளமானாலும், ஒரே ஸ்பேஸாகச் சரத்தில் நிற்கும்; இடைவெளியே இல்லையென்றால் ஒன்றும் நிற்காது. அ > 0 என்பதும் அ>0 என்பதும் வெவ்வேறு சரங்கள். நீங்கள் தட்டிய ஸ்பேஸ் பைனரி வரைக்கும் போய்ச் சேரும் இடம் அது. அந்தக் கோப்புகளுக்கு அசெர்ட்டை அணைத்துவிட்டு ஒப்பிடலாம்.

ஸ்கிரிப்டுக்குப் பதிலாக, டோக்கன்களை அறிந்து வேலை செய்யும் கிளாங்-ஃபார்மட் போன்ற கருவியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். எழுத்துத் தேடலை வைத்துச் சி நிரலைத் திருத்துவது கூடவே கூடாது.

கடற்காகம்:

வைகைக்கரை தமிழில் மாறிப் பெயர் எழுதியதைப் பார்த்ததும் இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஜிசிசி 10 முதல் யூடிஎஃப்-8 எழுத்துகளை நேரடியாகப் பெயர்களில் எழுதலாம். மேலே உள்ள பெயர்கள் அப்படியே கம்பைல் ஆகும். ஆனால் நம் எழுத்தில் தெரியாத இடைவெளிகளுக்கு வாய்ப்பு அதிகம். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் ஸ்பேஸுக்குப் பதில் முறியா இடைவெளி வந்துவிடும். பொருந்தாத பைட்டுகள் என்று ஜிசிசி 302, 240 ஆகிய எண்மடி எண்களைக் காட்டினால் அதுதான். சில விசைப்பலகைகள் க்ஷ எழுத்தைப் பிரித்துக் காட்ட அகலமில்லா இணைப்பு நீக்கியை இடுகின்றன. சி 2011 தரநிலை அந்த எழுத்தைப் பெயர்களுக்குள் அனுமதித்தது. வேண்டாத இடத்தில் அது விழுந்தால், பார்வைக்கு ஒன்றான இரண்டு பெயர்கள் கம்பைலருக்கு இரண்டாகவே இருக்கும். சி 2023 அந்த அனுமதியை எடுத்துவிட்டது.

மின்மினி:

மொத்தம் என்ற சொல்லில் வரும் ‘ொ’ எழுத்தைச் சில கருவிகள் ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு எழுத்துகளாகச் சேமிக்கின்றனவே, அதுவும் வேறு பெயர் ஆகிவிடுமா?

கடற்காகம்:

ஆகிவிடும். ஒருங்குறிக் குழுமம் இரண்டையும் சமம் என்கிறது. ஜிசிசி அவற்றைத் தனித்தனிப் பெயர்களாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டாகப் பிரித்து எழுதிய வடிவத்தை, இயல்புநிலைக்கு வராத பெயர் என்று, நீங்கள் எந்த விருப்பமும் கொடுக்காமலே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்துவிடாதீர்கள்.

மேற்கோள் குறிக்குள் உள்ள சரங்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. மொத்தம் என்ற சொல் ஒரு வடிவத்தில் 21 பைட், இன்னொன்றில் 24 பைட். சரங்களை ஒப்பிடும் நூலகச் செயல் பைட்டுகளை மட்டுமே பார்ப்பதால் இரண்டும் சமமில்லை என்றே விடை தரும். தமிழ் உள்ளீட்டைச் சேமித்துத் தேடும் நிரல் என்றால், உள்ளே வரும் இடத்திலேயே ஐசியு போன்ற ஒருங்குறி நூலகத்தைக் கொண்டு ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.